திங்கட்கிழமைப் பதநீர்

அபையாங் தீவு,
வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு

அன்பு மகள் ரோத்தியாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், காற்றும் கடலும் இந்த மாதம் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் அந்த டூவூம்பா குளிரில் நீ கழுத்துவரை மூடிய சட்டை போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உன் பொறுப்பில் இருக்கிற அந்த முதியவர்கள் யாரும் உன்னைப் படுத்தாமல் நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதமா என்று நீ சிரிப்பாய். நம் ஊர்ப் பையன் கபூரே பழத்தோட்ட வேலைக்கு உன் ஊர்ப்பக்கம்தான் வருகிறான், நாளைக் காலை படகு, அவன் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்ல முடியாததற்குக் காரணம் உனக்கே தெரியும், நம் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கவுன்சில் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற கோபுரத்தடி, அங்கே நின்று நான் பேசினால் உனக்குக் கேட்பதற்கு முன்னால் தபேத்தாவுக்குக் கேட்டுவிடும். போன தடவை நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, மறைக்காம சொல்லு, அவரு மறுபடி குடிக்கிறாரா" என்று கேட்டாய். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், நான் அப்புறம் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அதனால் மற்ற சேதிகளுக்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில். இல்லை. உன் புருஷன் பகோவா குடிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன், எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

அதற்குள் மனசு கொஞ்சம் ஆறட்டும், வீட்டுச் சேதி சொல்கிறேன். அப்பாவின் முட்டி பரவாயில்லை, வலி என்று சொல்லிக்கொண்டே தினமும் காயல்கரைப் பக்கம் வலை போடப் போகிறார், மீன் கிடைத்த நாளில் வலி இருப்பதில்லை. பன்றி குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று உன்னை மாதிரியே பிடிவாதம், தாயிடம் போகாமல் என் பின்னாலேயே சுற்றுகிறது. ஈரப்பலா இந்தத் தடவை கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு விஞ்ஞானத்தோடு கணக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், கணக்கு டீச்சர் தராவாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நீ அனுப்பிய வெள்ளைச் சட்டையை அப்பா ஒரே ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனார், அந்தச் சட்டைக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் வரும், கோபப்படாதே.

பெண்கள் சங்கம் தென்னம் பதநீரில் பாகு காய்ச்சுகிறதே, அதில் போன வருஷம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பிரிஸ்பேனில் ஒரு கடைக்காரர் நம் பாகைக் கேட்டார் என்று ஊரே பாட்டுப் பாடி ஒரு பெட்டி அனுப்பினோம், தராவா துறைமுகம் சேர்வதற்குள் பாதிப் பாட்டில் நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. காய்ச்சினது சரியில்லை என்று ஆளாளுக்கு அடுப்பைக் குறை சொன்னார்கள். குறை அடுப்பில் இல்லை, காய்ச்ச வந்த பதநீரிலேயே கொஞ்சம் புளிப்பு ஏறியிருந்திருக்கிறது, நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வருஷம் சூவாவிலிருந்து லித்தியா என்று ஒரு பெண் வந்தாள், ஃபிஜிக்காரி, உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், பல்கலைக்கழகத்தில் இதே வேலையாக இருக்கிறாள். ஒரு டப்பா நிறைய விரல் அகலத் தாள்கள் கொண்டுவந்தாள், ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம். பதநீரைத் தண்ணீரில் கலந்து அந்த வட்டத்தில் ஒரு சொட்டு விட வேண்டும், கொஞ்ச நேரம் பொறுத்தால் நிறம் காட்டும். நீ என்னிடம் படித்தவள்தானே, உனக்குப் புரியும்: பாளையிலிருந்து வடிகிற இனிப்பு ஒரு வகை, புளிக்கத் தொடங்கியதும் அது உடைந்து குளுக்கோஸாகிறது. தாள் அந்தக் குளுக்கோஸை மட்டும்தான் பிடிக்கும். மரத்திலிருந்து அப்படியே வந்த பதநீர் என்றால் வட்டம் வெள்ளையாகவே இருக்கும், புளிக்க ஆரம்பித்திருந்தால் இளஞ்சிவப்பு, நன்றாக ஏறிவிட்டால் ஊதா. சிவப்பா ஊதாவா என்று பெண்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் போன். போன் அந்த வட்டத்தைப் படம் பிடித்து ஒரு எண் சொல்லிவிடும், சிக்னல்கூட வேண்டாம். மரத்தடியிலேயே வைத்துப் பார்க்கலாம். நம் ஊருக்கு இதைவிடத் தோதான சாமானை நான் பார்த்ததில்லை, சோதனைக்குத் தராவாவுக்கு அனுப்பினால் பதநீர் போய்ச் சேரும்போது கள்ளாகத்தானே சேரும்.

முதல் நாள் கூத்தைச் சொல்ல வேண்டும். லித்தியா எங்களுக்குச் செய்து காட்டிவிட்டு மத்தியான விமானத்தில் போய்விட்டாள், சாயங்காலப் பதநீரை நாங்களாகச் சோதித்தோம். போன் சொன்ன எண்ணைப் பார்த்தால் ஊரில் ஒருவர் பதநீரும் தேறவில்லை, பாதிரியார் வீட்டு மரத்துப் பதநீர்தான் எல்லாவற்றிலும் மோசம். சங்கத் தலைவி மரியெத்தா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "டீச்சர், அந்தப் போனை முதல்ல அணைச்சு வைங்க, யாராச்சும் கேட்டா மானம் போயிரும்" என்றாள். வெறுங்கண்ணால் பார்த்தால் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன், காய்ச்சுகிற கொட்டகைக்கு மேலே நாம் கட்டியிருக்கிறோமே நீலத் தார்ப்பாய், அந்த வெளிச்சத்தில் மரியெத்தாவின் பல்லும் நீலமாகத்தான் இருந்தது. போன் தாளைப் படிக்கவில்லை, தார்ப்பாயைப் படித்திருக்கிறது. பிஸ்கட் பெட்டி ஒன்றுக்கு உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே போனின் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு, தாளை அதற்குள் வைத்துப் போனின் விளக்கிலேயே படம் எடுத்தோம், எல்லாருடைய மானமும் திரும்பி வந்தது. அந்தப் பெட்டிக்குக் கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள், உள்ளே போனால் உண்மை தெரிந்துவிடுமாம்.

அந்தக் கோயில்தான் பகோவாவைப் பிடித்தது. பதநீர் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் தனி வாளி, வடிகட்டி அவரவர் வாளியில் வைத்து, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு வரிசையாகச் சோதித்து, அதற்கப்புறம்தான் அண்டாவில் ஊற்றுவோம். செவ்வாய் முதல் சனி வரை பகோவாவின் வாளி சுத்த வெள்ளை. திங்கட்கிழமை மட்டும் ஊதா. முதல் வாரம் ஏதோ தவறு என்று விட்டோம். அடுத்த திங்களும் ஊதா. அதற்கடுத்ததும். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு பேருக்கு லேசாகச் சிவப்புத் தட்டும், இவனுக்கு மட்டும் பளிச்சென்று. திங்கட்கிழமைக்கு முந்தின நாள் எது என்று ஊருக்குக் கணக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலை இறக்காமல் மரத்திலேயே விட்டுப் புளிக்கவைத்துத் தான் குடித்துவிட்டு, மிச்சத்தைத் திங்கட்கிழமை வாளியில் கலந்துவிடுகிறான் என்று பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் அவன் குடித்தது எல்லாருக்கும் தெரியும், மனேபாவில், ஊர் கூடுகிற அந்த மண்டபத்தில், பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று இனி தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு ஊதா வட்டம் போதுமானதாக இருந்தது. தபேத்தா பேஸ்புக்கில் ஊதா வட்டத்தின் படத்தைப் போட்டு, பெயர் போடாமல், சிலருடைய பதநீர் திங்கட்கிழமை ஏன் வெட்கப்படுகிறது என்று சிரிக்கிற முகத்தோடு எழுதினாள். நீ பார்த்தது அதைத்தான். அதற்குப் பிறகு நீ அவனுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாய் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன், அவன் சொல்லவில்லை.

பகோவா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அதுதான் அவனுக்கு எதிராகப் போயிற்று. மரத்தின் மேலே பாடுவதையும் நிறுத்திவிட்டான். பாளை சீவுகிறவன் பாடாமல் மரத்தில் இருந்தால் கீழே குளிக்கிறவர்களுக்கு ஆள் இருப்பது எப்படித் தெரியும்? ஒரு நாள் காலை தபேத்தா கிணற்றடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து, "ஏய், மேல இருந்தா வாயத் திறந்து பாடித் தொலையேன்டா, இங்க ஒருத்தி குளிச்சிட்டிருக்கேன்ல" என்று கத்தினாள். அவன் மேலேயிருந்து, "பாடினா குடிச்சிட்டுப் பாடுறான்னு சொல்வீங்க சித்தி" என்றான். அவ்வளவு நாளில் அவன் திருப்பிச் சொன்ன ஒரே சொல் அதுதான். தபேத்தாவே ஈரத்துணியோடு வந்து என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு, ஆனாலும் திங்கட்கிழமைக்கு என்ன பதில் என்று கேட்டாள்.

சங்கத்தில் முடிவெடுத்தார்கள், இன்னொரு திங்கள் ஊதாவானால் அவன் பதநீரை எந்த நாளும் எடுப்பதில்லை என்று. அதைச் சொல்லும்போது மரியெத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவன் மாமியார் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கே ஒரு எண்ணம். உண்மையைச் சொல்வதானால், எனக்கும் சந்தேகம் இருந்தது. அவன் வரும்போது அருகில் போய் நின்று வாசனை பார்த்தேன். வாசனை இல்லை என்றதும் நிம்மதி வர வேண்டும், வரவில்லை, வேறெங்கோ ஒளித்திருப்பான் என்று தோன்றியது. ஒருவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் குற்றம் இல்லாததும் சாமர்த்தியமாகத்தான் தெரிகிறது. அந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறேன்? ஒரு முறை அளந்தால் போதாது, எங்கே அளந்தாய் என்று கேள் என்கிறேன். நாங்கள் அவன் பதநீரை ஒரே இடத்தில்தான் அளந்திருக்கிறோம், கொட்டகையில், எல்லாம் முடிந்த பிறகு. கையோடு கொண்டுபோகக்கூடிய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் போனையும் கோயிலையும் எடுத்துக்கொண்டு அவன் மரத்தடிக்கே போய்விட்டேன். அவன் இறங்கி வந்தான், இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் பாட்டில்கள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டு, "என்ன அத்தை, ஊதிக் காட்டணுமா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான், "உன் வாய் எனக்கு வேணாம்ப்பா, பாட்டிலைக் கொடு" என்றேன். ஒவ்வொரு பாட்டிலாகச் சொட்டு விட்டுப் பார்த்தேன். வெள்ளை. எல்லாம் வெள்ளை. ஞாயிறு சாயங்காலம் கழுவி மாட்டிய பாட்டில்கள், உள்ளே ஒரு புளிப்பு வாசம் இல்லை. அவன் எட்டிப் பார்க்கக்கூட இல்லை, கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றான். வெள்ளையாக இருக்கிறது என்று நானாகச் சொன்ன பிறகு, "எனக்குத் தெரியும் அத்தை. இப்ப உங்களுக்கும் தெரியும்" என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் பின்னாலேயே கொட்டகைக்கு நடந்தேன், என் கண் அவன் வாளியை விட்டு நகரவில்லை. அவன் மரங்கள்தான் கொட்டகைக்குப் பக்கம், அதனால் எப்போதும் அவன்தான் முதல் ஆள். மரியெத்தா வடிதுணியை வாளியின் மேல் விரித்தாள், அவன் ஊற்றினான், நாங்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு உனக்குத் தெரியும், ஒருவர் வருவார், ஒருவர் வழியில் நின்று பேசுவார், தபேத்தாவின் புருஷன் நபூத்தி ஊரே எழுந்து பல் விளக்கின பிறகுதான் வருவார். எல்லாரும் வந்து சோதித்தபோது பகோவாவின் வாளி ஊதா. மரத்தடியில் வெள்ளையாக இருந்த அதே பதநீர். வெயில் ஏறுவதற்குள் இவ்வளவு புளிக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே புளித்தது ஏதோ அதில் விழுந்திருக்க வேண்டும், இடையில் தொட்டது வாளியும் துணியும்தான். வாளியை நானே கொதிநீர் ஊற்றிக் கழுவியிருந்தேன். துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ரோத்தியா, ஞாயிற்றுக்கிழமைக் காலை நம் கோயில் ரொட்டிக்கு என்ன வாசனையோ அதே வாசனை.

இப்போது உனக்கே புரிந்திருக்கும். சனிக்கிழமை பாகு வேலை முடிந்ததும் அதே கொட்டகையில்தான் மரியெத்தா கோயில் ரொட்டிக்கு மாவு பிசைகிறாள், மாவு உப்பப் புளித்த கள் வேண்டும், அதை வடிகட்டுவது அந்தத் துணியில். மற்ற நாட்களில் சாயங்காலம் அடுப்பு அணைவதற்குள் துணியை வேகவைத்துவிடுவார்கள். சனிக்கிழமை ரொட்டி வெந்து எடுக்கும்போது நேரமாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டித் துணி வேகவைத்தால் அது வேலை, ஞாயிற்றுக்கிழமை பாளை சீவுவதைத் தவிர வேறு வேலை செய்யக் கூடாது. ஆகவே தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொடியில் போட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை முதலில் அதில் ஊற்றுகிறவனுடைய பதநீர் அதிலிருக்கிற புளிப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, மற்றவர்களுக்கு மிச்சம்தான். போதாததற்கு முதலில் வந்தவன் வாளிதான் அதிக நேரம் நிற்கிறது. சோம்பேறிக்கு வெள்ளை, சீக்கிரம் எழுகிறவனுக்கு ஊதா. கர்த்தருக்குக் கீழ்ப்படிந்து ஓய்ந்திருந்த ஒரு துணி, உன் புருஷனைக் குடிகாரனாக்கியிருக்கிறது.

உடனே சொல்லியிருப்பேன், ஆனால் மாமியார் மருமகனுக்காகக் கதை கட்டுகிறாள் என்று ஆகியிருக்கும், மரியெத்தாவும் அடிபட்டுப் போயிருப்பாள், ரொட்டி அவளுடைய பெருமை. அவளிடம் அதிகம் பேசவில்லை, அவன் பதநீரை நிறுத்துவதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு திங்கள் கொடு, அன்றைக்கு வரிசையை மட்டும் மாற்று, நபூத்தி முதலில் ஊற்றட்டும் என்று கேட்டேன். அவள் சரி என்றாள். நபூத்தியைச் சீக்கிரம் எழுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது, போட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அப்பா போய் இழுத்துக்கொண்டு வந்தார். நபூத்தி மரத்திலிருந்து நேராக வந்து எல்லார் கண் முன்னாலும் ஒரு சொட்டுக் கொடுத்தார், கோயில் வெள்ளை என்றது. பிறகு அந்தத் துணியில் வடித்து வைத்தார். பகோவாவின் பதநீரை வடிக்கத் துணி வேண்டுமே, புளிப்பே படாத துணி, நான் பையிலிருந்து நீ அனுப்பிய வெள்ளைச் சட்டையை எடுத்தேன், நானே வேகவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அப்பா, "அடியே, அது ஆஸ்திரேலியாச் சட்டை" என்று பாய்ந்து வந்தார், அதற்குள் பகோவா ஊற்றிவிட்டான். பாதிச் சட்டை ஒட்டிக்கொண்டு சுருங்கிவிட்டது, இப்போது பன்றிக்குட்டி போட்டுக்கொள்ளலாம்.

காத்திருந்தோம். வழக்கம்போல வம்பு பேசிக்கொண்டு, ஆனால் ஒவ்வொருத்தியும் வாளிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. பிறகு சோதித்தோம். சட்டையில் வடித்த பகோவாவின் வாளி வெள்ளை. நபூத்தியின் வாளி ஊதா, இதுவரை பகோவாவுக்கு வந்ததைவிட அழுத்தமான ஊதா. தபேத்தா எழுந்து நின்றுவிட்டாள். "இது என்ன அநியாயம், என் புருஷன் ஞாயித்துக்கிழமை பூரா கோயில்லதான் இருந்தாரு, மூணு ஆராதனைக்கும் இருந்தாரு" என்று கத்தினாள். பின்னாலிருந்து யாரோ, "பகோவாவும் பக்கத்துப் பாயிலதான் உக்காந்திருந்தான் தபேத்தா, நீதான் பாக்கல" என்றார்கள். நபூத்தி பாவம், "நான் குடிக்கவே இல்லைங்க, எழுந்து வந்ததே இப்பத்தான்" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் கொட்டகை முழுக்க. சிரிப்பு ஓய்ந்தபோது மரியெத்தா துணியைக் கையில் எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை, விளக்கத் தேவையில்லை. நேராக அடுப்புக்குப் போனாள், தீயில் போடப் போகிறாள் என்று தெரிந்தது. பகோவாதான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தான். "துணிய ஏன் எரிக்கிறீங்க அக்கா, ரொட்டி நல்லாத்தானே இருக்கு" என்றான். மரியெத்தா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது கொட்டகையில் இரண்டு துணி, ரொட்டிக்கு ஓரத்தில் சிவப்பு நூல் தைத்தது, பதநீருக்கு வெள்ளை, வெள்ளையைத் தொட்டவள் கையை உடைப்பேன் என்று மரியெத்தா சொல்லியிருக்கிறாள். அவள் அன்று சாயங்காலமே ரொட்டியும் மீனும் எடுத்துக்கொண்டு பகோவாவின் குடிசைக்குப் போய் உட்கார்ந்து அவனோடு சாப்பிட்டுவிட்டு வந்தாள். தபேத்தா பேஸ்புக்கில் எழுதினதை எடுத்துவிட்டாள், பெயரே போடாததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடமே வந்து கேட்டாள், பெயர் போட்டு மன்னிப்புக் கேள் என்றேன், யோசித்துக்கொண்டிருக்கிறாள். பாகு நன்றாக வந்திருக்கிறது, காய்ச்சி வைத்த பாட்டில்கள் வெயிலில் வைத்தும் நுரைக்கவில்லை, அடுத்த கப்பலில் பிரிஸ்பேனுக்குப் போகிறது. இந்தத் தடவை மூடி தள்ளாது, இதை நான் அடித்துச் சொல்வேன்.

இத்தனையும் நடந்தது, ஊர் தன் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பகோவாவுக்கு அது போதவில்லை என்பதை நான் பார்க்கிறேன். நீ கேள்விப்பட்டுவிட்டாய் என்று அவனுக்குத் தெரியும். துணி விஷயத்தை ரோத்தியாவுக்குச் சொன்னாயா என்று கேட்டேன். "அவ கேக்கட்டும் அத்தை. நானா போய்ச் சொன்னா குடிகாரன் சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்" என்றான். உன் மேல் கோபமா என்று கேட்டேன், கத்தியை எடுத்துக்கொண்டு மரமேறிவிட்டான். மரம் ஏறுகிற புருஷனிடம் பேச்சை வளர்க்க முடியாது, உனக்குத் தெரிந்ததுதானே. இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை. தபேத்தா கிணற்றடியில் குளிப்பதற்கு முன்னால் மேலே பார்த்து இரண்டு தடவை கையைத் தட்டுகிறாள், அவன் பதிலுக்கு மட்டையில் தட்டுகிறான், அதுதான் இப்போதைக்கு ஏற்பாடு.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை மகளே. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு படத்தையும் நாலு வரியையும் வைத்துக்கொண்டு, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், பக்கத்தில் இருந்த நானே நினைத்தேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில்தான் தெரிகிறது. ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனி நீ என்ன செய்கிறாய் என்பது உன் கையில், நீ நல்லபடியாகச் செய்வாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன், அவனிடம் பேசும்போது மன்னிப்பில் ஆரம்பிக்காதே, குளிரைப் பற்றிச் சொல், அந்த முதியவர்களைப் பற்றிச் சொல், பாளை எப்படி வடிகிறது என்று கேள். மற்றது தானாக வரும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், அன்றைக்கு மரத்தடியில் அவன் பாட்டிலிலிருந்து சொட்டு விட்ட தாள். அதை வைத்து முடிவு செய்யாதே. நம் காற்றின் ஈரத்திலும் கபூரேயின் பையிலும் கிடந்து, உன் கைக்கு வரும்போது அது பழுப்பேறியிருக்கும், ஊதாகூடத் தட்டியிருக்கலாம், லித்தியா முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். ஈரமாக இருந்தபோது அது வெள்ளை. நான் அங்கே நின்று பார்த்தேன். அது உன் வீட்டு மரத்துச் சொட்டு, அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

உடம்புக்குச் சுகமும் மனசுக்கு அமைதியும் கைக்கு வளமும் உனக்கு நிறைய உண்டாகட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார், கூடவே சட்டை சைசையும் சொல்லச் சொன்னார், போன தடவை அனுப்பியதே சரியாக இருந்ததாம். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. கபூரேவுக்கு அங்கே யாரையும் தெரியாது, ஒரு ஞாயிறு அவனைக் கூப்பிட்டுச் சோறு போடு.

ஞாயிறு என்றதும் ஒன்று. மத்தியான ஆராதனை முடிந்ததும் கோபுரத்தடிக்குப் போன் செய், பகோவா அங்கே இருப்பான். நான் சொல்லி வைக்கவில்லை. நீ கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் அவன் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
தெரேத்தியா